செகண்ட் ஹேண்ட் ஆக்டேவியா ஆர்.எஸ்.: அடியில் கேட்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2017-ல் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230 இப்போது இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், முன்சக்கர இழுவை, டி.கியூ.250 எனப்படும் ஆறு கியர் டி.எஸ்.ஜி. (இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). ஓட்ட அருமையான வண்டி. ஆனால் வாங்க நினைப்பவர்களும் புதிதாக வாங்கியவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "அடியில் ஏதோ சத்தம் வருகிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா?" கீழே உள்ள பதில்கள் இந்த வண்டியை வைத்து எழுதப்பட்டவை. முன்சக்கர இழுவையும் வெட் கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச்) டி.எஸ்.ஜி.யும் உள்ள மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். 2020-ல் வந்த ஆர்.எஸ். 245-ல் இருப்பது ஏழு கியர் பெட்டி என்பதால், கியர்பாக்ஸ் பற்றிய விவரங்களை மட்டும் அதற்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சத்தம் கேட்டவுடன் கியர்பாக்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டுமா?

வேண்டாம். கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது அதுதான். டயர், வீல் பேரிங், ஆக்சில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டின் மூட்டு), இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடி) இந்த நான்கையும் முழுசாக விலக்கிய பிறகே கியர்பாக்ஸ் பக்கம் போக வேண்டும். பேரிங் சத்தத்தைக் கேட்டுவிட்டு கியர்பாக்ஸை இறக்கச் சொல்வது இந்த வண்டிகளில் நடக்கும் மிகப் பெரிய வீண்செலவு.

எந்த ஸ்பேனரையும் எடுப்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானியுங்கள்: சத்தம் எதைப் பின்தொடர்கிறது? வண்டியின் வேகம் ஏறும்போது அதுவும் ஏறி, எந்த கியரில் போனாலும் அப்படியே இருந்தால், சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: டயர், பேரிங், ஆக்சில், டிஃபரன்ஷியல் (கியர்பாக்ஸிலிருந்து இரு முன்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி). வண்டி நின்றிருக்கும்போதே ஆர்.பி.எம். ஏற்றினால் சத்தமும் ஏறுகிறதென்றால் இன்ஜின், பெல்ட், ஃபிளைவீல் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சுற்றும் கனமான தட்டு). ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வந்து, காலை எடுத்தால் மறைகிறதென்றால் அது சுமையைப் பின்தொடர்கிறது: உள் ஜாயின்ட் (ஆக்சிலின் கியர்பாக்ஸ் பக்க மூட்டு), மவுண்ட், கியர் பற்கள்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும்போது இதை எப்படிப் பிரித்தறிவது?

காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜினின் சத்தத்தை உங்களுக்குக் கேட்க விடவில்லை என்று பொருள். வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிடலாம். பாட்டு, ஏ.சி. இரண்டையும் அணையுங்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி, சாமான் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். லொட லொடவென்று ஆடும் ஒரு ஜாக்கி அரை மணி நேரத்தை வீணாக்கிவிடும்.

நல்ல தார்ச் சாலையில் 40, 60, 80, 100 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு வேகத்திலும் சில விநாடிகள் நிலையாக ஓட்டுங்கள். பிறகு 80-ல் மேனுவல் முறைக்கு மாற்றி நான்கு, ஐந்து, ஆறு என்று கியரை மட்டும் மாற்றுங்கள். வேகம் மாறாமல் ஆர்.பி.எம். மட்டும் மாறும். சத்தம் மாறாமல் அப்படியே இருந்தால் இன்ஜினும் ஃபிளைவீலும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன.

அடுத்தது நியூட்ரல் சோதனை. முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, லீவரின் பட்டனை அழுத்தாமல் 'என்' நிலைக்குத் தள்ளுங்கள். ஐந்தாறு விநாடி போதும். இன்ஜின் ஐடிலுக்கு (மிதிக்காதபோது ஓடும் குறைந்த வேகத்துக்கு) இறங்கியும் இரைச்சல் அப்படியே தொடர்ந்தால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். ஓடும்போது இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள்; ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல் மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, காலியான ஒரு மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடியுங்கள். ஒருமுறை ரிவர்ஸிலும்.

60-க்கு மேல் 'ஊ...' என்று ஒரே இரைச்சல். டயரா, பேரிங்கா?

அதிகம் குழப்புவது இதுதான். இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் நியூட்ரலிலும் கேட்கும்.

முதலில் சாலையை மாற்றிப் பாருங்கள். கரடுமுரடான கான்கிரீட்டிலிருந்து வழவழப்பான புதுத் தாருக்கு ஏறும்போது சத்தம் சட்டென்று குறைந்தால் டயர். பேரிங்குக்குச் சாலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

பிறகு கையால் பாருங்கள். வண்டி நிற்கும்போது, பின் டயரின் உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்து முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடித்தால் டயர் சீரில்லாமல் தேய்ந்திருக்கிறது. வீல் அலைன்மென்ட் தப்பியிருந்தால் இப்படித் தேயும். தேய்ந்த டயரின் முழக்கம் பேரிங்கின் முழக்கத்தை அச்சு அசலாகப் போலிருக்கும். டயரின் பக்கச்சுவரில் உற்பத்தித் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிப்போன பழைய டயர் இரைச்சல் போடும். சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றி ஓட்டுங்கள். சத்தத்தின் இடமோ குணமோ மாறினால் விடை கிடைத்துவிட்டது.

பேரிங் என்றால் வளைவில் காட்டிக்கொடுக்கும். 60 – 70 வேகத்தில், இடம் இருந்தால், மெல்ல இடமும் வலமுமாக அசையுங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களின் மேல் விழும். அப்போது முழக்கம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் உண்டு. எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நேரம் தலைகீழாகவும் காட்டும். அதனால் ஜாக்கி போட்டு உறுதிசெய்யாமல் பேரிங் வாங்க வேண்டாம்.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சஸ்பென்ஷன் சுருளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங்கில் சுருளில் ஒன்றுமே தெரியாது. தேய்ந்ததில் மணலை அரைப்பது போன்ற நறநறப்பு விரல்களில் ஏறும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே கை சொல்லிவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் அவசியம், ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முழங்கத் தொடங்கி நீண்ட நாள் கழித்துத்தான் ஆட்டம் வரும். பின்சக்கரப் பேரிங்கை மறந்துவிட வேண்டாம். பின்னாலிருந்து வரும் ஒலி காருக்குள் முன்னால் கேட்பது போலவே தோன்றும்.

பேரிங் மாற்றினேன். சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி அதே சத்தம். ஏன்?

பொருத்திய விதத்தைப் பாருங்கள். இந்த வண்டியின் முன் பேரிங், ஹப்போடு (சக்கரம் மாட்டப்படும் மையப் பாகம்) சேர்ந்த ஒரே யூனிட். நக்கிளில் (சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உலோகப் பாகம்) போல்ட் போட்டு மாட்டுவது. அதைச் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது ஆக்சிலின் நடு போல்ட். அந்த போல்ட் தளர்ந்திருக்கும்போது சக்கரத்தைத் தரையில் இறக்கி எடையை ஏற்றினாலோ, வண்டியைத் தள்ளினாலோ, புதுப் பேரிங் அங்கேயே கெட்டுவிடும். பல இடங்களில் போல்ட்டைத் தளர்த்த வண்டியைத் தரையில் இறக்கி முழுசாகக் கழற்றுகிறார்கள். தரையில் கால் சுற்றுக்கு மேல் தளர்த்தாமல், மீதியைச் சக்கரம் தூக்கியிருக்கும்போது கழற்ற வேண்டும். இறுக்குவதும் அதே வரிசையில் திரும்பி: முதல் இறுக்கம் தூக்கிய நிலையில், கடைசிக் கோண இறுக்கம் மட்டும் சக்கரம் தரையில்.

அந்த நடு போல்ட்டும் ஹப்பின் போல்ட்களும் ஒருமுறைதான் பயன்படும், புதிது போடுங்கள். போல்ட் வகைக்கு வகை டார்க் மாறும், டார்க்குக்குப் பிறகு கோணமும் உண்டு. உங்கள் போல்ட்டுக்கு உரிய அளவைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் 'டர்ர்' என்று அடித்து முடித்தால் அந்த வேலை முடியவில்லை. வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால்.

இன்னொன்று: பேரிங்கின் ஒரு முகத்தில் ஏ.பி.எஸ். சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். அந்த முகத்தைச் சுத்தியலால் தட்டிக் கெடுத்தால், ஏ.பி.எஸ். விளக்கு எரியும்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மிதித்தால் 'டக் டக் டக்'.

வெளி ஜாயின்ட், அதாவது ஆக்சிலின் சக்கரப் பக்க மூட்டு. இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வட்டமடிக்கும்போது வெளிப்பக்கத்தில் வரும் சக்கரத்தின் ஜாயின்ட்டை முதலில் பாருங்கள். ரப்பர் பூட் கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் ரிம்மின் உட்புறத்தில் கறுப்பாகத் தெறித்திருக்கும். கிழிசலை மட்டும் கண்டு, சத்தம் இன்னும் வரவில்லை என்றால், ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, புதுப் பூட்டும் அதன் கிட்டில் வரும் கிரீஸ் முழுவதும் போட்டால் தப்பிவிடும். சத்தம் வந்துவிட்டால் கிரீஸ் அடைத்துப் பயனில்லை, ஜாயின்ட்டை மாற்ற வேண்டும். விலை மலிவு என்று பெயர் தெரியாத முழு ஆக்சில் வாங்கிப் போட்டால், டக் டக் போய் 100-க்கு மேல் அதிர்வு வந்து சேரும். நல்ல தயாரிப்பின் ஜாயின்ட்டை மட்டும் மாற்றுவதே மேல்.

நேராகப் போகும்போது மிதித்தால் நடுக்கம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

உள் ஜாயின்ட். இரண்டாம், மூன்றாம் கியரில் அழுத்தி மிதிக்கும்போது வண்டியின் மூக்கே இடவலமாக ஆடுவது போலிருக்கும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உயரம் குறைக்கும் ஸ்பிரிங் போட்ட வண்டிகளில் ஆக்சிலின் கோணம் மாறிவிடுவதால் இந்த ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

மிதித்ததும் விட்டதும் ஒற்றை 'டொக்'.

கீழ் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சப்ஃபிரேமோடு (அடியில் இருக்கும் துணைச் சட்டம்) இணைக்கும், நாய்க்குத் தரும் எலும்பு வடிவத்தில் இருக்கும் சிறு கை அது. 350 நியூட்டன் மீட்டரின் உதையை வாங்கிக்கொள்வது அதன் ரப்பர்தான். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்ட்பிரேக்கும் போட்டு, டி-யிலிருந்து ஆர்-க்கும் மறுபடி டி-க்கும் இரண்டு விநாடி இடைவெளியில் மாற்றட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பானட்டுக்குள் பார்க்கட்டும், வண்டிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. இன்ஜின் கொஞ்சம் சாய்வது இயல்பு. சாய்ந்து போய் எதிலோ முட்டி நின்றால் ரப்பர் கிழிந்திருக்கிறது.

ஸ்பீட் பிரேக்கரில் ஏறும்போது மட்டும் 'டொக்' என்றால் இழுவைப் பக்கமே போக வேண்டாம். சஸ்பென்ஷன் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் இந்த இரண்டும்தான் முதலில்.

ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கம் கடகடவென்று சத்தம்.

டூயல் மாஸ் ஃபிளைவீலாக இருக்கலாம். இரண்டு கனமான தட்டுகள், நடுவில் வில் வடிவ ஸ்பிரிங்குகள். அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் ஐடிலில் தட்டும். ஆர்.பி.எம். 1,200-ஐத் தாண்டினால் மறையும், இன்ஜினை அணைக்கும்போது கடைசிச் சுற்றுகளில் ஒரு குலுக்கலோடு அடங்கும்.

ஆனால் ஃபிளைவீலை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதனால் முதலில் மலிவான சந்தேகங்களைத் தீருங்கள். ஒரு சிலிண்டர் லேசாக மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது) ஆனாலே, நல்ல ஃபிளைவீலும் ஐடிலில் தட்டும். ஸ்கேனரில் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக், காயில் இரண்டையும் சரிபார்த்த பிறகும் தட்டினால்தான் ஃபிளைவீல். சைலன்சரின் வெப்பத் தகடு ஒரு கிளிப் கழன்று ஆடினாலும் ஏறக்குறைய இதே மாதிரி கேட்கும். கையுறை போட்ட கையால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

சில கியர்களில் மட்டும் விசில் மாதிரி ஒலி வருகிறது. இப்போதாவது கியர்பாக்ஸைச் சந்தேகப்படலாமா?

இப்போது சந்தேகப்படலாம். எந்தெந்த கியரில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், பெட்டியைத் திறக்காமலே உள்ளே எந்தத் தண்டு என்று சொல்லிவிடலாம்.

டி.கியூ.250-க்குள் இரண்டு கிளட்ச், இரண்டு உள்ளீட்டுத் தண்டு. 1, 3, 5, ரிவர்ஸ் ஒரு கிளட்ச்சில். 2, 4, 6 மற்றொன்றில். வெளியேறும் பக்கமும் இரண்டு தண்டுகள்: 1 முதல் 4 வரை ஒன்றில், 5, 6, ரிவர்ஸ் மற்றதில். அதனால் 2, 4, 6-ல் மட்டும் கேட்டால் இரட்டைப்படைக் கியர்களின் உள்ளீட்டுத் தண்டு அல்லது அதன் பேரிங். 5, 6-ல் மட்டும் கேட்டு, 1 முதல் 4 வரை அமைதியாக இருந்தால் இரண்டாம் வெளியீட்டுத் தண்டு. ஒரே ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியர் ஜோடியின் பற்கள். எல்லாக் கியரிலும், நியூட்ரலில் உருளும்போதும் உறுமல் கேட்டு, பேரிங்கும் டயரும் நன்றாக இருந்தால் டிஃபரன்ஷியல் பேரிங்.

ரிவர்ஸில் மட்டும் 'ஙொய்' என்று கேட்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். முன்னோக்கிய கியர்களில் அமைதியாக இருந்தால் விட்டுவிடலாம். மேனுவல் முறையில் 1 முதல் 6 வரை, ஒவ்வொரு கியரிலும் மிதித்து ஒருமுறை, விட்டு ஒருமுறை கேட்டு, ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். "கியர்பாக்ஸ் சத்தம் போடுது" என்று சொல்வதைவிட அந்தத் தாள் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

ஆயில் மாற்றினால் சத்தம் போகுமா?

தேய்ந்த பேரிங்கை ஆயில் சரிசெய்யாது. ஆனால் ஆயில் குறைவாக இருந்தாலோ தவறானதை ஊற்றியிருந்தாலோ வரும் சத்தம் போகும். அதைவிட முக்கியம், வடித்த ஆயில் உள்ளே நடப்பதைச் சொல்லும். இந்தப் பெட்டியில் கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தேயும் தூள் பேரிங்குகளைத்தான் கடந்து போகிறது. ஒவ்வொரு 60,000 கி.மீ.க்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகால் பிளக்குக்கு 14 மி.மீ. ஆலன் கீ. அதைக் கழற்றினால் வருவது கொஞ்சம்தான். உள்ளே அளவுக்குழாய் ஒன்று உண்டு, அதை 8 மி.மீ. கீயால் கழற்றினால்தான் மீதி வடியும். இந்தக் குழாய் பிளாஸ்டிக், இறுக்க 3 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் உடையும். உள்ளே போவது 5 லிட்டரும் கொஞ்சமும். 6 லிட்டர் வாங்கி வையுங்கள். அடாப்டர் வழியாகக் கீழிருந்து ஏற்றி, இன்ஜினை ஓட்டி, பிரேக்கில் காலை வைத்து லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விழும் அளவில் பிளக்கை மூட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஆயில் ஏற்கெனவே 35-க்கு அருகில்தான் தொடங்கும், அதனால் ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே வேகமாக வேலை செய்ய வேண்டும். சூடு ஏறிய பிறகு அளவெடுத்தால் ஆயில் விரிந்து அதிகமாக வழிந்துவிடும். பெட்டி குறை ஆயிலோடு ஓடும்.

பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டி, மடிப்பை வெள்ளைத் துணியில் விரியுங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை, விரலில் தேய்த்தால் துகள் தெரியாது என்றால் இயல்பு. வெயிலில் மின்னும் செதில்கள், நகத்தில் இடறும் துண்டுகள் என்றால் பேரிங் அல்லது கியர் உதிர்கிறது. அந்தப் பெட்டியை மேலும் ஓட்டக் கூடாது.

கைபேசி ஆப் வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

உதவும். 225/45 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 72 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 20 மீட்டர், அதாவது சக்கரமும் ஆக்சிலும் விநாடிக்கு 10 சுற்று. அந்த வேகத்தில் அதிர்வு ஆப் 10 ஹெர்ட்ஸ் காட்டினால் சக்கரத்தின் பேலன்ஸ், டயரின் வட்டம். இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் என்பதால் வெடிப்பு 80 ஹெர்ட்ஸ். கியர் பற்களின் விசில் இவற்றைவிட மிக உயரத்தில் இருக்கும். கைபேசி மைக் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது. நடுக்கத்துக்கு அதிர்வு சென்சாரையும் விசிலுக்கு மைக்கையும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் வேண்டாம்.

சென்னை வண்டி, வெள்ளத்தில் நின்றதா என்று எப்படித் தெரியும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. சத்தத்தைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது: ஒரு பேரிங் மட்டும் முழங்குவது சாதாரணம், குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இரண்டு மூன்று சக்கரம் ஒன்றாக முழங்கினால் நீரைச் சந்தேகியுங்கள். இருக்கையின் தண்டவாளத் துரு, கார்பெட்டுக்கு அடியில் உலர்ந்த சேறு இவையும் சேர்ந்துவிட்டால் விலகிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் பேரமே வேண்டாம்.

ரீமேப் செய்த (மென்பொருளை மாற்றி இன்ஜின் சக்தியைக் கூட்டிய) வண்டியை வாங்கலாமா?

இந்தப் பெட்டி தாங்குவதற்கென்று முதலில் வடிவமைத்த டார்க்கே 350 நியூட்டன் மீட்டர் அளவில்தான். அதற்கு மேல் ஏற்றிய வண்டியில் கிளட்ச், ஃபிளைவீல், கீழ் மவுண்ட் மூன்றும் கூடுதலாக உழைத்திருக்கும். ஆயிலை 60,000-க்கு முன்பே மாற்றிய பில்கள் இருந்தால் பரிசீலிக்கலாம். விற்பதற்கு முன் பழைய நிலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால், மேலே சொன்ன ஃபில்டர் சோதனைதான் நம்பத்தகுந்தது.

எந்தச் சத்தத்தோடு வாங்கலாம், எதோடு கூடாது?

டயர், பேரிங், ஜாயின்ட், மவுண்ட்: விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம், வாங்கிய வாரமே மாற்றுங்கள். முழங்கும் பேரிங்கை நெடுஞ்சாலைப் பயணத்துக்கு எடுத்துப் போக வேண்டாம். ஃபிளைவீல் என்றால் பாகத்தின் விலையோடு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியையும் எழுத்தில் வாங்கி, அந்த முழுத் தொகையையும் கழிக்கச் சொல்லுங்கள். கியரைப் பின்தொடரும் விசிலோ, டிஃபரன்ஷியல் உறுமலோ இருந்தால், விற்பவர் செலவில் ஆயிலை வடித்து ஃபில்டரை உங்கள் கண்முன் வெட்டிக் காட்டும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.